காற்றில்லாத ஊரில் ஒரு கூப்பாடு

காலையில் பள்ளத்தூருக்குத் தண்ணீர் இறக்குவது சடையனின் வேலை. நிலாவில் குழாய் போட்டால் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பனிக்கட்டியைத் தகரத்தோலில் அடைத்து, முழங்கை நீளக் கட்டைகளாக ஒன்றோடொன்று கோத்து, தொட்டியில் சுருட்டி வைத்திருப்பார்கள். சடையன் அந்தச் சங்கிலியின் தலைப்பை எடுத்து மலை விளிம்புக்கு வெளியே வீசுவார். அவ்வளவுதான். விழுகிற பாதி மிச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதுவும் சும்மா வழிந்து இறங்காது. தொட்டியை விட்டுப் பனைமர உயரம் துள்ளி எழுந்து, வளைந்து, அப்புறம்தான் பள்ளத்துக்குள் போகும். மோட்டார் கிடையாது.

அது துள்ளும்போது சடையன் தலைக்கவசத்துக்குள் கத்துவார்: "ஏறு ராசா, ஏறு!" வேலைக்கு வந்த நாளிலிருந்து இது தவறியதில்லை. கத்தாவிட்டால் ஏறாது என்பது அவர் கட்சி.

அன்றைக்குத் தலைமையகத்திலிருந்து ஒரு தேர்வன் வந்திருந்தது. ஓர் இடத்துக்கு ஆள் தேவையா இல்லையா என்று முடிவு கட்டுகிற எந்திரம். தேவையில்லை என்று அது சொல்லிவிட்டால் சடையனைப் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். நிலாவிலேயே கிடந்து இளகிப்போன எலும்பு அங்கே உடம்பைத் தாங்காது. சாகிறவரை படுக்கைதான்.

"எதற்காகக் கத்துகிறீர்கள், ஐயா?"

"ஏறுறதுக்கு."

"இங்கே காற்றே இல்லை. உங்கள் குரல் கவசத்தைத் தாண்டாது. கட்டையின் ஒரு நுனி மேலே இழுபடும்போது மறு நுனி தொட்டியின் அடியை உதைக்கிறது. தொட்டி திருப்பி உதைக்கிறது. அந்த உதையில்தான் துள்ளல்."

"தொட்டிக்குக் காலா இருக்கு உதைக்க? படிச்ச எந்திரம் பேசுற பேச்சா இது?"

"நாளைக்கு வாயைத் திறக்காதீர்கள். பார்த்துவிடலாம்."

மறுநாள் சடையன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலைப்பை வீசினார். சங்கிலி எப்போதும்போல எழுந்தது, வெயிலில் மினுங்கியது, இறங்கியது. கீழே அதை வாங்குகிற ரோசலின் வானொலியில் வந்தாள்.

"என்னண்ணே, தண்ணி வந்துருச்சு, ஒங்க சத்தத்தைக் காணோம்? ஒடம்பு சரியில்லையா?"

சடையன் காலித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தலைப்பை வீச ஓர் எந்திரக் கை போதும், ஆள் தேவையில்லை" என்று தேர்வன் தலைமை மூளைக்கு எழுதியது. தலைமை மூளை அதைவிடப் பெரிய எந்திரம், அதைவிடப் பெரிய சந்தேகக்காரன். அதனிடமிருந்து உடனே கேள்வி வந்தது: கத்திய நாளில் ஒருநாளும் சங்கிலி நின்றதில்லை. கத்தாத நாள் ஒன்றே ஒன்று. அன்றைக்கு அந்த ஆள் மனசுக்குள் கத்தவில்லை என்று உறுதியாகத் தெரியுமா?

தேர்வனுக்குத் தெரியாது. அதனால் கேட்டது.

"கத்தாம பின்னே?" என்றார் சடையன். "வாயைத்தானே மூடச் சொன்னே."

உத்தரவு வந்துவிட்டது. சடையன் இருக்கட்டும். இனிமேல் திறக்கிற நிலையங்களிலும் கத்த வேண்டும். தேர்வன் அங்கேயே தங்கிப் பழகிக்கொள்ளட்டும்.

இப்போதெல்லாம் தொட்டிப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். சடையன் வீசுகிறார். தேர்வன் கத்துகிறது. கீழே ரோசலின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"கொரல் பத்தலை," என்றார் சடையன் ஒருநாள். "பட்டினி கெடந்தவன் மாதிரி கத்துறே. அது சரி, தொட்டி ஒதைக்குதுன்னு நீதானே சொன்னே? அப்புறம் நீ எதுக்குக் கத்துறே?"

தேர்வன் எழுகிற சங்கிலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உதைப்பது தொட்டிதான், ஐயா. அதில் சந்தேகமே இல்லை. இருந்தாலும், எதற்கு வம்பு?"