அலமாரியில் கிடந்த காலிக் கவர்

"உங்க பெட்டியைத் திறங்க, சார்."

எம்.எல்.ஏ. விடுதியின் அந்த அறையிலிருந்த மூன்று ஆண்களும் மீனுவைப் பார்த்தார்கள். எம்.எல்.ஏ.விடம் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே பி.ஏ. வெங்கிடேஷ் சொல்லிவைத்திருந்தான்: சாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், பெட்டியை மட்டும் கேட்டுவிடாதே.

"நோக்கென்ன கிறுக்கா?" என்றான் இப்போது.

காலை எட்டு மணி. சட்டசபை கூட ஒரு மணி நேரமே இருந்தது. போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவளின் மகன், மீனுவின் அண்ணன், போன மாதம் லாக்கப்பில் அடிபட்டுச் செத்தான். மாரடைப்பு என்று எழுதி முடித்தார்கள். மிச்சமிருந்த சாட்சி அவனுடைய ரத்தச் சட்டை ஒன்றுதான். எம்.எல்.ஏ. அழகியநம்பி அதை இன்று சபையில் காட்டப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி அவர். 'காக்கியை அறிந்தவன் காக்கியைக் கேட்பான்' என்று சொல்லித்தான் ஜெயித்தார்.

நேற்று மாலை, அவர் பார்க்க, பிளாஸ்டிக் கவரோடு சட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள் மீனு. இன்று கையில் பழுப்புக் காகிதத்துடன் வந்து திறந்தால் மடித்த கவர் மட்டும் கிடந்தது. பூட்டு உடையவில்லை. சாவி எப்போதும்போல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அழகியநம்பி உடனே டிரைவர் பத்மகுமாரைச் சுவரோரம் நிறுத்திவிட்டார்.

"கடைசியா இந்த முறிக்குள்ள வந்தது யாரு?"

"ஞான்தான் சார். ஃபைல் வச்சிட்டுப் போனேன்."

"அலமாரி?"

"தொடல சார்."

"முப்பது வருஷ சர்வீஸ்ல கேஸ்ல பிடிச்ச ஒரு தொண்டிப்பொருளும் என் கையில கெட்டதில்ல, கேட்டியா? ஸ்டேஷன்ல ரெண்டு நாள் இருந்தா தன்னால சொல்லுவே."

அப்போதுதான் மீனு பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

"காரணம் சொல்லு," என்றார் அழகியநம்பி.

"அழிக்க நினைச்சவன் கவரோட கொண்டுபோய் எரிச்சிருப்பான். ரத்தத்தைத் தொட்டு வெளிய எடுத்து, கவரை மடிச்சு வச்சிட்டா போவான்?"

"அதுக்கு?"

"பிளாஸ்டிக்ல ரத்தம் அழுகிப்போகும், காகிதத்துல சுத்துன்னு வக்கீல் ஷெமி ராத்திரி என்னைத் திட்டினா. அது வரைக்கும் எனக்கே தெரியாது. வெங்கிடேஷ் சாருக்கும் இந்த டிரைவருக்கும் எப்படித் தெரியும்? எடுத்தவருக்குச் சட்டை கெடாம வேணும். பழகின கை, சார். உங்க கை."

அழகியநம்பி சிரித்தார். "மிடுக்கி. கெட்டிக்காரிதான் நீ." அவரே பெட்டியைத் திறந்தார். காகிதப் பொதி, குறுக்கே நூல் கட்டி, நேர்த்தியாக.

"அடிச்ச இன்ஸ்பெக்டர் யாரோட மருமகன்னு அறியுமா மோளே? கட்சித் தலைவரோட மருமகன். இது என் கையில இருக்கிற வரைக்கும் அவர் எனக்கு மந்திரி பதவி இல்லைன்னு சொல்ல மாட்டார். நான் மந்திரியாகட்டும், உன் அண்ணன் கேஸைப் பார்க்கலாம்."

"அதுக்கு இவரை லாக்கப்புல போடுவீங்க?"

"ரெண்டு நாள்தானே."

"ரெண்டு நாள்னு சொல்லித்தான் எங்க அண்ணனையும் கூட்டிட்டுப் போனாங்க."

அவள் பொதியை எடுத்தாள். வெங்கிடேஷ் குறுக்கே வர, பத்மகுமார் சுவரைவிட்டு நகர்ந்து அவன் முன்னால் நின்றான்.

"கீழ வை. வெளிய போனா உனக்கு இந்த ஊர்ல வேலை கிடைக்காது," என்றார் அழகியநம்பி.

"கவரைப் பார்த்ததுமே ஷெமியைக் கூப்பிட்டுட்டேன் சார். கேட்டுல நிக்கிறா. வஞ்சியூர் கோர்ட்டு பத்து மணிக்குத் திறக்கும், சட்டையை அங்கயே ஒப்படைக்கிறோம்."

மீனு பொதியோடு படியிறங்கினாள். பின்னால் பத்மகுமாரின் செருப்புச் சத்தமும் கூடவே இறங்கி வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.