சோமன் கொடுத்த மனு

ரெஜிலாவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து இறங்கிய பெண்ணின் கையில் பழுப்பு நிற அரசாங்க உறை இருந்தது. அதைப் பார்த்ததுமே பூதலிங்கத்துக்குக் களைப்பு வந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் ஒரு தாலுகா அலுவலகத்தின் ஆவண அறையில் தூசி தின்றவர் அவர். ஓய்வு பெற்றபின் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அமரவிளை வீட்டில் முழங்கால் வலியோடு சும்மா இருக்கலாம் என்று நினைத்தார். ஆனால் 'இல்லை' என்று சர்க்கார் சொன்ன காகிதத்தைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று பாறசாலை வரைக்கும் பேராகிவிட்டது. பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை வைத்து மனு அடித்துக் கொடுக்கும் ரெஜிலாதான் அந்தப் பேரைப் பரப்பியவள். முப்பத்தெட்டு வயது, ஓயாத வாய், ஓயாத கால்.

"சாரே, இது புஷ்பபாய். இவங்க கேஸ் மத்தது போல இல்ல. கேட்டா நீங்களே இறங்கிருவீங்க."

"எல்லாக் கேஸுக்கும் நீ இதையேதான் சொல்லுத," என்றார் பூதலிங்கம். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

புஷ்பபாய் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவளுடைய கணவர் சோமன் கூலி வேலைக்காரர். போன ஆடி மாதம் காலை வேலைக்குப் போகும்போது கிளைக் கால்வாயின் நடைப்பாலத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். பாலத்தைக் கட்டியது ஆற்றுவரம்பு பஞ்சாயத்து. கைப்பிடி பெயர்ந்து அவரோடு சேர்ந்தே தண்ணீரில் கிடந்தது. விசாரித்துவிட்டுப் பஞ்சாயத்து ஓவர்சியர் எழுதிய அறிக்கையில், கைப்பிடி பலமாக இருந்தது, அதுகுறித்து முன்பு எந்தப் புகாரும் வரவில்லை, இறந்தவர் நிதானத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

"எனக்க ஆளு குடிக்கமாட்டாரு சாரே. ஒரு துள்ளி தொட்டது கிடையாது. இப்ப ஊரு முழுக்க குடிச்சிட்டு விழுந்தவராக்கும் அவரு. மக நீதுகிட்ட பஸ்ஸில வச்சு ஒருத்தி கேக்கா, ஒனக்க அப்பன் காலையிலேயே ஊத்துவானான்னு. அவ காலேஜுக்குப் போகமாட்டேன்னு நிக்கா." அவள் குரல் உயரவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த பேச்சு அது. "கைப்பிடி ஆடுதுன்னு அவரே பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் குடுத்தவரு. நாலு வருஷம் முன்ன. நான் கூடப் போனேன். அந்த மனுவோட ஒரு காப்பி கேட்டேன். அதுக்கு இதாக்கும் பதில்."

பூதலிங்கம் கடிதத்தை வாங்கினார். மலையாளத்தில் நான்கு வரி. தகவல் அலுவலரான தலைமை எழுத்தர் அஜேஷ் கையெழுத்திட்டிருந்தார். 'தாங்கள் கேட்ட சி4-1184/21 எண் கோப்பும், அவ்வருடத் தபால் பதிவேடும் அலுவலகத்தில் மழைநீர் புகுந்ததில் முற்றிலும் சிதைந்துவிட்டதால் நகல் அளிக்க இயலாது.' இடது கீழ்மூலையில், கடிதத்தை எழுதித் தயாரித்தவர் பென்சிலால் இட்ட சின்னச் சுருக்கொப்பம்.

அவர் அதை இருமுறை படித்தார். "நீங்க மனுவில நம்பர் எழுதியிருந்தீங்களா?"

"இல்ல சாரே. நம்பர் எழுதின ரசீது எப்பவோ தொலைஞ்சு போச்சு. சோமன் குடுத்த பால மனுன்னு மட்டும் எழுதினோம்."

"மேல்முறையீடு எழுது, ரெஜிலா. ரெக்கார்டு ரூமை நேர்ல பாக்கணும்னும் ஒரு மனு எழுது. அதுக்கு நமக்குச் சட்டம் உண்டு."

"அப்ப கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஒண்ணும் கண்டுபிடிக்கல்ல. கால் வலிக்குது."

பார்வையிட அனுமதி வரவே பதினெட்டு நாளாயிற்று. அதுவும் ரெஜிலா மூன்று தடவை நேரில் போய்க் கேட்டதால்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் அஜேஷ் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு அறுபது காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு, அவர்கள் அறுபத்தொன்றாவது காகிதம். "மினி, இவங்களைக் கூட்டிட்டுப் போ" என்றதோடு சரி.

மினி ஐம்பதை நெருங்கிய எழுத்தர். பாலம், சாலை வேலைகளைக் கவனிக்கும் மரமாத்துப் பிரிவு அவளுடையது. சாவியை எடுத்துக்கொண்டு பேசாமல் முன்னால் நடந்தாள். ஆவண அறையின் கதவில் சணல் கட்டி ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது. யார் எந்தக் கோப்புக் கட்டை எடுத்துப் போனார்கள் என்று எழுதும் நோட்டு. பூதலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதன் கடைசிப் பக்கத்தைப் படித்தார். பிறகுதான் உள்ளே போனார். பழைய காகிதத்தின் வாடை அடித்தது. அந்த வாடையில்தான் தன் வாழ்க்கை போயிற்று என்று அவருக்குத் தோன்றியது.

இரும்புத் தட்டுகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் சீட்டு ஒட்டியிருந்தது. கீழ்த்தட்டில் 'சி2 - மரமாத்து'. மேல்தட்டில் 'சி4 - ஓய்வூதியம்'.

அறிக்கை எழுதிய ஓவர்சியர் அரவிந்த் அதற்குள் வந்துவிட்டார். சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. கீழ்த்தட்டிலிருந்து உப்பிப்போன ஒரு கட்டைத் தானே இழுத்து மேசையில் வைத்தார். "இதாக்கும் நீங்க தேடுற இருபத்தொண்ணாம் வருஷக் கட்டு. அந்த ஐப்பசி மழையில போனது. பாவம் அந்தச் சேச்சி. நாங்க என்ன செய்ய?"

தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. பூதலிங்கம் அவற்றைப் பிரிக்க முயலவில்லை. கோப்புகளைக் கோத்திருந்த டேக் கயிற்றின் நுனித் தகரத்தை மட்டும் விரலால் தடவினார். பளபளவென்று இருந்தது. பக்கத்திலிருந்த இருபதாம் வருடக் கட்டை எடுத்தார். அதன் ஓரத்தில் பழைய நீர்க்கறை. டேக் நுனி துருப்பிடித்துத் தாளில் காப்பி நிறத்தில் ஊறியிருந்தது.

"கீழத்தட்டு மட்டும்தான் சாரே நனைஞ்சது," என்றாள் மினி. அன்று அவள் பேசியதே அதுதான். "மேல உள்ளதெல்லாம் நல்லாட்டு இருக்கு."

"மினிக்கு அங்க வேலை ஒண்ணும் இல்லியா?" என்றார் அரவிந்த், சிரிப்பு மாறாமல். அவள் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் ரெஜிலா பொரிந்தாள். "மேல ஏறிப் பாத்திருக்கலாமே சாரே!"

"இன்னைக்கு நாம எடுத்தா, நாமளே கொண்டு வச்சதாட்டு ஆகிரும். எல்லாரும் இருக்கும்போ எடுக்கணும்."

மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்து, தள்ளி, மறுபடியும் தள்ளி, கடைசியில் ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்குச் செயலாளர் ஸ்ரீகலாவின் அறையில் நடந்தது. ஸ்ரீகலா மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மேசைக்கு எதிரே புஷ்பபாய், பூதலிங்கம், ரெஜிலா. பக்கவாட்டில் அஜேஷும் அரவிந்தும். சுவரோரம் மினி. கதவருகே பியூன் தாணு.

"கோப்பு இல்லைன்னு எழுதிக் குடுத்தாச்சு. இல்லாததை நான் எப்படித் தருவேன்?" என்றார் ஸ்ரீகலா. அவர் குரலிலும் களைப்புதான்.

பூதலிங்கம் உட்கார்ந்தபடியே பேசினார். "மேடம், மூணு சின்ன காரியம் சொல்லுதேன். ஒண்ணு. இந்த அம்மா நம்பர் குடுக்கல்ல. கோப்பும் போச்சு, தபால் பதிவேடும் போச்சுன்னு பதிலில இருக்கு. அப்ப 1184ங்கிற நம்பர் எங்க இருந்து வந்தது? கோப்பைக் கையில பிடிச்ச ஒருத்தர் எழுதினாத்தான் அது வரும். மனு வந்தபிறகும் கோப்பு இங்க இருந்திருக்கு."

அஜேஷ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு. நனைஞ்ச கட்டு. நாலு வருஷம் முன்ன நனைஞ்சதுன்னா டேக் நுனி துரு பிடிச்சிருக்கும். அடுத்த கட்டில பிடிச்சிருக்கு. இதில புதுசு போல மின்னுது. இது நனைஞ்சு சில மாசந்தான் ஆகும். உங்க ரெக்கார்டு ரூம் நோட்டில கடைசி வரி பாருங்க. இந்த அம்மா மனு போட்டது தை பத்தாம் தேதி. பதிமூணாம் தேதி அந்தக் கட்டை வெளிய எடுத்திருக்கு. நாலு நாள் கழிச்சு திரும்பி வந்திருக்கு. எடுத்தவர் கையொப்பம் ஓவர்சியருக்கது."

"சைட்டு பாக்க எடுத்தேன்," என்றார் அரவிந்த். சிரிப்பு போயிருந்தது. "திரும்ப வைக்கும்போ நல்லாத்தான் இருந்தது."

"நல்லா இருந்தா, அந்த மழையில போச்சுன்னு எங்கிட்ட ஏன் சொன்னீங்க?"

ஸ்ரீகலா பதில் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மூணாவது?" என்றார் ஸ்ரீகலா.

"பாலம் மரமாத்து. அது சி2. ஆனா பதிலில சி4னு எழுதியிருக்கு. சி4 ஓய்வூதியம், மேல்தட்டு. தாணுவை அனுப்பி, சி4ல இருபத்தொண்ணாம் வருஷக் கட்டை எடுத்திட்டு வரச் சொல்லுங்க."

தாணு கொண்டுவந்து மேசைமேல் அவிழ்த்தான். ஓய்வூதிய மனுக்களுக்கு நடுவில், வேறு நிற அட்டையில், சி2-1184/21.

ஸ்ரீகலா திறந்தார். முதல் தாள், ரூல் போட்ட நோட்டில் கிழித்துத் தமிழில் எழுதிய மனு. அடுத்த தாளில் மலையாளத்தில் ஓவர்சியரின் குறிப்பு: 'நேரில் பார்த்தேன். கைப்பிடி அசைகிறது. நிதி வரும்போது கவனிக்கலாம்.' கீழே அரவிந்தின் கையெழுத்தும் தேதியும்.

அரவிந்த் எழுந்தேவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பினார். "இந்த நம்பரு போட்டது ஆரு? கட்டை எடுத்துத் தந்தது நீதானே மினி?"

மினியின் உதடு வெளுத்தது. பூதலிங்கம் அவளைப் பார்க்கவேயில்லை. அஜேஷைப் பார்த்தார்.

"நம்பர் போட்டது ஆருங்கிறது இங்க விஷயமே இல்ல. ஹெட் கிளார்க் சார் படிச்சுப் பாத்து ஒப்புப் போட்ட கடிதமாக்கும் இது. ரெண்டுக்குப் பதிலா நாலு விழுந்திருக்கும். கட்டும்போ கோப்பு மாறிப் போகும். எல்லா ஆபீஸிலயும் உள்ளதுதான், எனக்க ஆபீஸிலயும் நடந்திருக்கு. அப்படித்தானே சார்?"

படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று எந்த அதிகாரியும் எழுத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார். அஜேஷ் தொண்டையைச் செருமினார். "டைப்பிங் பிழை," என்றார். "நான் கவனிச்சிருக்கணும்."

"அப்ப மிச்சம் உள்ள கேள்வி, நனைச்சது ஆருங்கிறது மட்டும்தான்," என்றார் பூதலிங்கம். ஸ்ரீகலா ஓவர்சியரை உட்காரச் சொன்னார். சான்றிட்ட நகலை இன்றே கொடுக்கவும், சோமன் சாவு பற்றிய அறிக்கையை மறுவிசாரணைக்கு மேலிடத்துக்குத் திருப்பி அனுப்பவும் தன் கையாலேயே உத்தரவு எழுதினார்.

நகலுக்காகப் புஷ்பபாய் உள்ளே காத்திருக்க, மற்ற இருவரும் எதிர்க்கடையில் சாயா குடித்தார்கள். ரெஜிலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நல்ல யோகம் சாரே. ஒரு எழுத்து தப்பா அடிச்சாங்க, நாம பிழைச்சோம்."

"நம்பரும் எழுத்துமாட்டு எட்டு உள்ளதில ஏழு சரி, ஒண்ணு மட்டும் தப்பு. அந்தத் தப்பு காட்டின இடத்தில கோப்பு. இப்படி ஒரு கைப்பிழையை முப்பத்தொரு வருஷத்தில நான் பாத்ததில்ல."

ரெஜிலா கிளாசைக் கீழே வைத்தாள். "கடிதத்தின் மூலையில பென்சில் ஒப்பு. மலையாளத்தில 'மி'. நான் பாத்தேன், மனசில நிக்கல்ல."

"ஓவர்சியர் கட்டைக் கேட்டிருக்கார். எதுக்குன்னு அவளுக்குத் தெரியும். குடுக்கமாட்டேன்னு சொல்ல முடியாது. கோப்பை மட்டும் உருவி மேல வச்சிட்டுக் கட்டைக் குடுத்திருக்கா. பிறகு 'அழிஞ்சு போச்சு'ன்னு பதில் எழுதச் சொன்னாங்க. அதையும் எழுதினா. நம்பரைச் சேத்து எழுதினா. கண்ணுள்ள ஒருத்தர் படிச்சாப் போதும்னு."

"அப்ப புஷ்பபாய்கிட்ட சொல்லணும் சாரே! அவங்க போய் ஒரு வார்த்தை..."

"சொல்லக்கூடாது. அவளுக்கு இன்னும் ஆறேழு வருஷம் சர்வீஸ் உண்டு. அவ அந்த நாற்காலியில இருக்கணும்." அவர் மீதிச் சாயாவைக் குடிக்காமல் வைத்தார். "நான் சர்வீஸில இருக்கும்போ இதுபோல ரெண்டு பதில் எழுதியிருக்கேன், ரெஜிலா. நம்பர் சேக்காம."

ரெஜிலா எழுந்து போய்ச் சாயாவுக்குக் காசு கொடுத்தாள்.

புஷ்பபாய் சாலையைக் கடந்து வந்தாள். நகலைச் சேலையோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கடை பெஞ்சில் உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகப் படித்தாள். 'பாலத்தின் தெற்குப்புறக் கைப்பிடி ஆடுகிறது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நானே கம்பி கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. சாமான் தந்தால் கூலி வேண்டாம், நானே சரிசெய்து தருகிறேன். இப்படிக்கு, சோமன்.'

"கூலி வேண்டாம்னு எழுதினதை எங்கிட்ட சொல்லவே இல்ல," என்றாள். "நான் சண்டை போடுவேன்னு பயந்திருப்பாரு." சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பூதலிங்கம் சாலையில் போகும் பஸ்களைப் பார்த்தபடி இருந்தார்.

சாயங்காலம் பாறசாலை கடையில் ரெஜிலா நகல் எடுக்கும் இயந்திரத்தைப் போட்டாள். "எத்தனை காப்பி சேச்சி? மேலிடத்துக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு..."

"எங்க கால்வாய்க் கரையில முப்பத்திரண்டு வீடு உண்டு."

ரெஜிலா திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் இதை வாங்கிப் படிப்பாங்களா?"

"படிக்காட்டி, வாசலில நின்னு நானே வாசிச்சுக் குடுப்பேன். நீது கூட வாறேன்னு சொல்லியிருக்கா. நீ முப்பத்திரண்டும் அடி மக்கா."