சீட்டின் கீழ்ப்பாதி

இயலைக் கூட்டிப்போகும் பள்ளி வண்டி அன்று வரவில்லை. இனி வராது. காது கேளாத பிள்ளைகளுக்கான சைகைமொழி வகுப்பைப் பள்ளி வாரியம் இழுத்து மூடிவிட்டது. எட்டு வயது இயல், அது புரியாமல் பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அம்மா ஆதிரைக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. டெக்சாஸின் இந்தப் புறநகரில் அவர்கள் வீடு வாங்கியதே அந்த வகுப்புக்காகத்தான்.

“எந்தப் படுபாவி ஓட்டுப் போட்டு இவங்கள உக்கார வச்சான்?” என்று சமையலறையே அதிரக் கத்தினாள்.

கணவன் கோகுல் தலையைச் சொறிந்தான். “நாம யாருக்குப் போட்டோம்?”

“இது என்ன கேள்வி? பிரசிடெண்ட் எலெக்‌ஷனுக்கு ஊரோட சண்டை போட்டு நின்னோமே!”

“அது இல்ல. ஸ்கூல் போர்டுக்கு.”

அது அவளுக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. வாக்குச்சீட்டின் உச்சியில் ஜனாதிபதி. அதற்குக் கீழே நீதிபதி, பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம் என்று அனுமார் வாலாக நீளும். எவன் உட்கார்ந்து படிப்பது? அதற்காகத்தான் வாக்குநிரப்பி வந்தது. சமையலறைச் சுவரில் ஒட்டிய உள்ளங்கை அகலக் கருவி. வருடம் முழுக்க வீட்டுப் பேச்சைக் கேட்டு, வீட்டாரின் விருப்பத்தைக் கணித்து, சீட்டின் கீழ்ப்பாதியைத் தானே நிரப்பிவிடும். மேலே ஒரு பெயரைத் தொட்டுவிட்டு மனிதர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம்.

ஆதிரை சுவரருகே போய் நின்றாள். “ஸ்கூல் போர்டுக்கு என் ஓட்ட யாருக்குப் போட்ட?”

“வீட்டு வரியைக் குறைப்பேன் என்ற வேட்பாளருக்கு,” என்றது வாக்குநிரப்பி. “‘இந்த வரி நம்மள மொட்டையடிக்குது’ என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னீர்கள். அந்த வரியில்தான் பள்ளிகள் நடக்கின்றன. குறைத்தபோது வகுப்பு போயிற்று.”

“அடப்பாவி! என் பொண்ணு வகுப்பப் பத்தி இந்த வீட்ல தினமும் பேசுறோமே!”

“ஒருமுறைகூட என் காதில் விழவில்லை.”

விழாதுதான். இயலின் பள்ளி, அவள் தோழிகள், அவள் டீச்சர் என்று எல்லாப் பேச்சும் அவளையும் வைத்துக்கொண்டு கையால் பேசியது. புலம்பலுக்கு மட்டுமே அந்த வீட்டில் வாயைத் திறந்திருக்கிறார்கள்.

“இந்தப் பாழாப்போன சனியன இப்பவே பிடுங்கி எறியறேன்!”

“எறியலாம். ஆனால் கருவி இல்லாத வீட்டுக்கு, அது கடைசியாகப் போட்ட ஓட்டே எல்லாத் தேர்தலிலும் தொடரும். இது மாவட்டத் தேர்தல் அதிகாரியின் விதி.”

“அந்த ஆள யார் உக்கார வச்சா?”

“அவர் பதவியும் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. ‘இதையெல்லாம் படிக்க எவனுக்கு நேரம்’ என்றீர்கள். அந்தத் தொல்லையே இனி இராது என்று சொன்னவர் அவர்தான். நீங்கள் அவருக்குத்தான் ஓட்டளித்தீர்கள்.”

கோகுல் தலையைக் குனிந்துகொண்டான். ஆதிரைக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை.

காத்துக் காத்துச் சலித்த இயல் உள்ளே வந்தாள். பையைக் கழற்றாமலே கையை அசைத்துக் கேட்டாள்: என் வகுப்பை மூடியது யார்?

ஆதிரை மண்டியிட்டு, மகள் பார்க்கும்படி, விரலால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.