தேத்தண்ணியில் கற்பூரம்

தேத்தண்ணியில் கற்பூரம் மணத்தது. நுஸ்கி முதல் மிடற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான். நிறத்தில் குறையில்லை, சீனியும் அளவாகத்தான் இருந்தது. ஆனால் நாக்கின் அடியில் ஏதோ ஒரு வழுவழுப்பு, கசக்கிப் பிழிந்த இலைச் சாறு போல ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. எழுந்து போய்த் துப்பினான். துப்பியது நூலாக நீண்டு, அறுபடாமல் உதட்டில் தொங்கியது. சீ என்று கையால் வழித்து எறிந்தான்.

அவனுடைய மனைவி ருஷ்தா குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அதே தேத்தண்ணியை அடிவரை குடித்து முடித்து, கோப்பையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தாள். மணக்கவில்லையா என்று கேட்டான். மணக்குதுதான், அதனால்தான் நல்லாயிருக்குது என்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எது ருசிக்கும், எது ருசிக்காது என்று யாரால் சொல்ல முடியும்? முன்னைய பிள்ளை தங்கவில்லை. இந்த முறை ஒரு குறையும் வரக்கூடாது என்று சிலாபத்து டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயம் ஒன்றுதான் அவன் இரவும் பகலும் சுமந்து திரிந்தது.

அன்றைக்கு அவனுக்கு வேறு தலையிடியும் இருந்தது. கட்டாரில் பெரிய மனிதர்களின் வீட்டுக் கணினிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன், ஊருக்கு வந்ததும் கண்டக்குழியில் ருஷ்தாவின் வளவில் தனக்கும் ஒரு வீடு கட்டினான். பொழுது பட்டு மஃரிபு ஆனதும் விளக்கு தானே எரியும், கேட் தானே திறக்கும், மோட்டர் தானே ஓடும். எல்லாவற்றையும் படிக்கட்டுக்குக் கீழேயிருந்த ஒரு கறுத்தப் பெட்டி ஆட்டி வைத்தது. மீன்பிடிக்கிற ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களையும் கூட்டிப்போய்க் காட்டிப் பெருமையடித்தான். அந்தப் பெட்டிதான் இப்போது சில நாட்களாக மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. போனில் ஒரே ஒரு வசனம்: இடம் இல்லை.

அஸர் தொழுகை முடிந்து சோளகக் காற்று கிளம்பியிருந்த நேரம் அது. கடற்கரையிலிருந்து கருவாட்டு வாடையும் மணலும் ஜன்னல் இடுக்கால் வந்துகொண்டிருந்தன. நுஸ்கி படிக்கட்டுக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, லெப்டொப்பைப் பெட்டியோடு கொழுவினான். வீட்டில் எது அசைந்தாலும் பெட்டி ஒரு வரி எழுதி வைக்கும். அந்த வரிகள் குவிந்து, கடைசி மூலைவரை நிரம்பி, புதிதாக ஒரு வரி எழுத இடமில்லாமல் பெட்டி நின்றுபோயிருந்தது. வருடக் கணக்கில் வாழ்ந்தாலும் நிரம்பாத அளவுக்கு இடம் விட்டவன் அவன். எந்தச் சனியன் இத்தனை எழுதியது என்று திறந்து பார்த்தான்.

எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தன. பின் குளியலறை: ஆள் உண்டு. தண்ணீர் திறந்தது. தண்ணீர் நின்றது. ஆள் உண்டு. தண்ணீர் திறந்தது. தண்ணீர் நின்றது. விரலால் தள்ளத் தள்ள அதே வரிகள் வந்துகொண்டேயிருந்தன.

பின் குளியலறையை இப்போது யாரும் பாவிப்பதில்லை. அது றுக்கியா மாமிக்காக, ருஷ்தாவின் உம்மாவுக்காக, அவன் கட்டிக் கொடுத்தது. மாமிக்கு முழங்கால் ஏலாது, விரல் மொளிகள் வீங்கிக் கிடந்தன. கல் வாங்கில் உட்கார்ந்தால் மேலேயிருந்த குழாய் ஆளை உணர்ந்து, தன் பற்றரியில் தானே திறந்து ஊற்றும். மாமிக்கு அது கண்ணிலும் காட்டக்கூடாது.

"தண்ணி தானா ஊத்தினா அது குளிப்பா மகன்? ருஷ்தாட புள்ளைய இதுக்குக் கீழ வெச்சிராதீங்க. என்ட கையாலதான் நான் குளிப்பாட்டுவேன்," என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னவர் போன மாதம் மௌத்தாகிவிட்டார்.

மாமியின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட வந்த ஃபஹ்மியா ராத்தா, முதலில் பின்வளவில் ஒரு கிடங்கு வெட்டித் தரச் சொன்னார். மய்யித்தைக் கழுவிய தண்ணீர் யார் காலிலும் படாமல் அதற்குள் இறங்க வேண்டும், பிறகு மூட வேண்டும் என்பது அங்குள்ள பெண்களின் வழக்கம். பின்வளவு முழுக்கத் தண்ணீர்க் குழாயும் வயரும் புதைத்து வைத்தவனுக்கு மண்வெட்டியைக் கண்டதும் நெஞ்சு பதறியது. குளியலறையிலேயே செய்யலாம் ராத்தா, தண்ணி நேரா வெளியே போய்விடும் என்றான்.

எங்கே போகும் என்று அவன் சொல்லவில்லை. குளித்த தண்ணீரை வீணாக்காமல் தோட்டத்துக்கு விடுவதற்காக நிலத்துக்குக் கீழே ஒரு தொட்டி கட்டியிருந்தான். அதற்குத்தான் போகும். கிணற்றுக்கும் அந்தத் தொட்டிக்கும் சேர்த்து ஒரே மோட்டர். எதிலிருந்து இழுப்பது, மேலே வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ஏற்றுவதா மிளகாய்ப் பாத்திக்கு விடுவதா என்பதையெல்லாம் பெட்டி வால்வைத் திருப்பித் தீர்மானிக்கும். அன்றைக்கு ஒரு தரம் அந்தத் தொட்டியை வெளியே இறைத்துவிட நினைத்திருந்தான். மய்யித்து வீட்டு அமளியில் மறந்தான்.

பெட்டி நின்றபோது வால்வு எந்தப் பக்கம் இருந்தது என்று கடைசி வரியைத் தேடினான்.

இழுப்பது: குளியல் தொட்டி. ஏற்றுவது: வீடு.

இப்படி இழுத்து ஏற்றச் சொல்லி அவன் பெட்டிக்கு எழுதிக் கொடுத்ததேயில்லை. அதற்குப் பிறகு வால்வு அசையவேயில்லை. மேலே தாங்கி குறையும்போதெல்லாம் மோட்டர் மட்டும் மிதவை விழுந்து தானாக ஓடியிருக்கிறது. பின் குளியலறையில் ஊற்றிய தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, மேலே ஏறி, மறுபடி அங்கேயே ஊற்றி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறியிருக்கிறது. மய்யித்தைக் கழுவ இலந்தை இலை அவித்த தண்ணீர். கடைசி ஊற்றலுக்குக் கற்பூரம் கரைத்த தண்ணீர். மாமியின் தலைமுடி, நகக்கண் அழுக்கு, வயிற்றை அமுக்கித் துடைத்தபோது வந்தது, எல்லாம் கரைந்த தண்ணீர். அதில் சோறு வடித்தார்கள். அதில் வுழூச் செய்தார்கள். மூன்று முறை வாய் கொப்பளித்தான், ஒவ்வொரு தொழுகைக்கும். ருஷ்தா கோப்பை கோப்பையாகக் குடித்தாள்.

நுஸ்கி அப்படியே குனிந்து படிக்கட்டு ஓரத்தில் வாந்தியெடுத்தான். மதியச் சோறு புளித்து வந்தது, அதோடு கற்பூரமும் வந்தது. கூடவே தொண்டைக்குள் ஏதோ சிக்கியது. இரண்டு விரலை விட்டு இழுத்தான். வெள்ளை மயிர் ஒன்று, முழ நீளத்துக்கு, சளியோடு வந்துகொண்டேயிருந்தது.

"ருஷ்தா, தண்ணி குடிக்காத," என்று கத்தினான். குசினியிலிருந்து சத்தமில்லை.

முதலில் வால்வைத் திருப்ப வேண்டும். அதற்குப் பெட்டி உயிர் பெற வேண்டும். அந்தப் பதிவு முழுவதையும் அழித்தான். அழிந்தது என்று காட்டியது. இடத்தைப் பார்த்தான். ஒரு துளியும் கூடவில்லை. அழித்த பிறகும் இடம் திரும்பாவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அதை இன்னும் ஏதோ ஒன்று திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. தொழிலில் நூறு தரம் கண்ட சங்கதி.

பெட்டியின் வயரைப் பிடுங்கினான். மூச்சை எண்ணிவிட்டுத் திரும்பக் கொழுவினான்.

விளக்குகள் ஒரு தரம் மினுங்கின. வெளியே கேட் கிறீச்சிட்டது. சுவருக்குள் எங்கோ வால்வு டக்கென்று திரும்பும் சத்தம் கேட்டது. திரையில் இடம் வெறுமையாக, சுத்தமாக வந்து நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்றான். தாங்கியை இறைத்துக் கழுவலாம், ருஷ்தாவை இப்போதே சிலாபத்துக்குக் கூட்டிப் போகலாம், அவளுக்கு எதையும் சொல்லத் தேவையில்லை.

வெறுமையான திரையில் முதல் வரி விழுந்தது.

பின் குளியலறை: ஆள் உண்டு.

தண்ணீர் திறந்தது.

இந்த முறை சத்தமும் கேட்டது. கல்லில் விழும் தண்ணீர் அல்ல. உடம்பில் விழும் தண்ணீர். நின்றது. திரும்ப ஊற்றியது.

எழுந்தான். குசினிக் கதிரை காலியாக இருந்தது. பின் நடையில் ஈரக் காலடிகள், அதில் வழுக்கினான். பாதத்தில் பச்சையாக ஏதோ ஒட்டியது. குழைந்த இலந்தை இலை. கதவின் கீழால் நுரைத்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாற்றம் முகத்தில் அடித்தது. கற்பூரம், அதற்குக் கீழே வேறொன்று.

கதவு பூட்டப்படவில்லை.

ருஷ்தா கல் வாங்கில் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை வெள்ளைத் துணி ஒன்று நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. தனக்கு மேலே குனிந்திருக்கும் ஒருவரைப் பார்ப்பவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் நேரே அவளில் விழவில்லை. நடுவில் ஒன்றுமில்லாத இடத்தில் தங்கி, வீங்கிய மொளிகளைச் சுற்றி வளைந்து, விரல்களுக்கு இடையால் வழிந்து, பிறகுதான் அவளுடைய வயிற்றில் இறங்கியது. வலப்பக்கம். மெல்ல. தேய்த்துத் தேய்த்து.

"சத்தம் போடாதீங்க," என்றாள் ருஷ்தா. "உம்மா புள்ளையக் குளிப்பாட்டுறா."

நுஸ்கி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வலப்பக்கம் முடிந்தது. தண்ணீர் நின்றது. துணிக்குக் கீழே அவளுடைய வயிறு மெதுவாகப் புரண்டு, இடப்பக்கத்தைக் காட்டிக் கொடுத்தது. தண்ணீர் திரும்ப ஊற்றியது.

வாங்கின் ஓரத்தில், நனையாமல், இரண்டு பஞ்சு உருண்டைகள் இருந்தன. மய்யித்தின் மூக்குக்கு வைக்கிற பஞ்சு. ஒவ்வொன்றும் ஒரு பயறு அளவு.