அப்பாவின் மூளைக்கு ஒன்றுமில்லை

ஸ்கேன் அறையின் போன் அலறியது!

டாக்டர் எடுத்தாள். மறுமுனையில் இன்ஸ்பெக்டர்.

"டாக்டர், அந்தப் பெரியவர் ரிசல்ட் என்னாச்சு? பெண்டாட்டிய மாடிப்படியிலேருந்து தள்ளிக் கொன்னுட்டேன்கிறார். ஏன்னு கேட்டா ஞாபகமில்லையாம். நிஜமாவே மறதி நோயா... இல்ல, நம்ம காதுல பூ சுத்துறாரா?"

"நேர்ல வாங்க சார். போன்ல சொல்ற விஷயமில்ல."

வந்தார்.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு மூளைகள். சிவப்பும் பச்சையும் நீலமுமாய் நரம்பிழைகள்.

"மூளையோட ஒயரிங் சார் இது. வெள்ளைப் பகுதின்னு சொல்வோம். இந்த இழை வழியா தண்ணி எப்படி நகருதுன்னு மெஷின் பார்க்கும். இழை நல்லாயிருந்தா நேரா போகும். சிதைஞ்சிருந்தா கண்டபடி சிதறும். இதோ..."

இடப்பக்கப் படத்திலிருந்த மூளையின் முன்பகுதியில் இழைகள் திட்டுத்திட்டாகக் காணாமல் போயிருந்தன!

"அடப்பாவமே! அப்ப பெரியவர் சொன்னது நிஜம்தானா?"

டாக்டர் இல்லை என்று தலையாட்டினாள்.

"பெரியவர் மூளை வலப்பக்கப் படத்துல இருக்கிறது சார். கல்லு மாதிரி இருக்கு!"

"அப்ப இது... யாரு?"

"ஒப்பிட்டுப் பார்க்க, அதே குடும்பத்துல நோயில்லாத ஒருத்தரையும் எடுப்போம். அது இங்க வழக்கம். அப்பாவைக் காப்பாத்தணும்னு மகள் தானா வந்து படுத்தா..."

"படம் மாறியிருக்கும் டாக்டர்!"

"நானும் அப்படித்தான் டெக்னீஷியனை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். பெரியவருக்குக் கடைவாயில உலோகப் பல்லு. உலோகம் இருந்தா படத்துல அந்த இடம் விழாது. வலப்பக்கப் படத்துல அந்த இடம் கறுப்பா அழிஞ்சிருக்கு பாருங்க. மாறல சார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பெரியவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் மனிதர் நொறுங்கிப் போனார்.

"நான் மெஷினுக்குள்ள கிடந்து வந்ததுக்கப்புறம் அவளையுமா? அவள ஏன் டாக்டர் படுக்க வெச்சீங்க?"

வாய்விட்டு அழுதார். அந்த வயதில் ஒருவர் அப்படி அழுவதைப் பார்க்கவே கூடாது.

"கொஞ்ச நாளாவே தெருவ மறப்பா, எரியுற அடுப்ப மறப்பா. அன்னிக்குப் பெத்தவளையே மறந்துட்டா சார்! 'யாரு நீ, என் வீட்டுல உனக்கென்ன வேலை'ன்னு தள்ளிட்டா. அடுத்த நிமிஷமே, 'ஐயோ, அம்மா விழுந்துட்டா'ன்னு அவளே கத்திக்கிட்டு ஓடினா! தள்ளினது தான்தான்னு தெரிஞ்சா உயிரையே விட்டுருவா சார். என்னையே உள்ள போடுங்க..."

கதவு திறந்தது.

மகள்!

"இன்னும் எவ்ளோ நேரம்பா? அம்மா வீட்டுல தனியா இருப்பா. சீக்கிரம் வாங்க."

டாக்டர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதோ வரேன்டா கண்ணு. நீ போய் வெளியில உட்காரு."

அவள் போனாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "போலீஸ்கிட்டயே மறதி வேஷமா பெரியவரே? பிரமாதமா நடிச்சீங்க!"

பெரியவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நடிக்கத்தான் சார் வருது... மறந்து தொலைக்கத்தான் வரல!"