ஏழாவது துண்டு

நிரலில் மூன்றே மூன்று இடத்தில்தான் கை வைத்தாள். திரையோ ஏழு துண்டு மாற்றம் என்றது.

தகரம் அழுத்தும் பிரஸ்ஸுக்கு நிரல் எழுதுகிறவள் அக்கா. கீழ்த்தளத்தில் அந்தப் பிரஸ்ஸை ஓட்டுகிறவன் அவள் தம்பி. சாப்பாட்டு நேரம், மாடியில் ஈ காக்கை இல்லை. மெஷின் எண்ணெய் வாடை மட்டும் படியேறி வந்து அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, ஏத்திட்டியா? பசி உயிர் போகுது."

"இருடா, ஒரு நிமிஷம். கைய உள்ள விட்டுடாத."

மாற்றங்களை ஒவ்வொரு துண்டாகக் காட்டி, சேர்க்கவா என்று நிரல் ஏற்றும் கருவி கேட்கும். சேர்த்தவை ஓரமாகக் காத்திருக்கும். மறுபடி உத்தரவு கொடுத்தால்தான் மெஷினுக்குப் போகும். அந்தக் காத்திருப்பு எதற்கு என்று, சேர்த்த கையோடு மெஷினுக்கு அனுப்பிவிடும் குறுக்குவழி ஒன்றை அக்கா எழுதி வைத்திருந்தாள். கெட்டிக்காரி என்று முதலாளி மெச்சினார். கெட்டிக்காரத்தனம், மண்ணாங்கட்டி!

முதல் துண்டு அவளுடையதுதான். கூடுதலாக வந்த நாலும் வெற்று இடைவெளியாக இருக்கும், எப்போதும் அப்படித்தானே என்று நினைத்து, 'இதோடு மிச்சம் எல்லாமும்' என்ற விசையைத் தட்டினாள். போய்விட்டது. போனதை அதன்பிறகுதான் படித்தாள்.

நான்காவது துண்டில் ஒரு வரி சிவப்புக் கோடிட்டு நீக்கப்பட்டிருந்தது. 'கை உள்ளே இருந்தால் நில்.' அதை அவள் தொடவே இல்லை. கீழே பிரஸ் தானாக ஒருமுறை இறங்கி ஏறியது.

ஐந்தாவது. நீக்கப்பட்ட வரி: 'தம்பி, இடது கை.'

தொம். எலும்பு நொறுங்கும் சத்தம். தம்பியின் அலறல்.

ஆறாவது. 'தம்பி, வலது கை.'

தொம். "அக்கா! அக்கா!"

ஏழாவதைப் படிக்க மாட்டேன் என்று கண்ணை மூடினாள். தொம். அலறல் பாதியில் நின்றது.

'திரும்ப எடு' விசையைத் தட்டினாள். நான்கு திரும்பியது. ஐந்து. ஆறு. ஏழாவதில் கருவி மறுத்தது. அந்த வரியை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்களாம். மறுபடி தட்டினாள். மறுத்தது. மறுபடி.

படியில் காலடி. ஈரக் காலடி. தம்பி நடக்கிற அதே நடைதான்.

கதவு திறந்தது. இரண்டு கையும் முழுசாக, கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்திருந்தன. சட்டைக் காலருக்கு மேலே ஒன்றுமில்லை. அந்த இரண்டு கையும் தூக்கி வந்ததை அவள் மேசைமேல், விசைப்பலகைக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்தன.

உதடு அசைந்தது.

"அக்கா, ஏத்திட்டியா?"