பொத்தான்களை நகர்த்துகிறவள்

"கம்ப்யூட்டருக்கு என்னப்பா வந்துது? போன்ல அப்படிக் குதிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் மகள் செருப்பைக் கழற்றினாள்.

அப்பா பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். ஒரு ஒற்றுப்பிழை தப்பிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கண்ணில்தானா பக்கவாதம் கைவைக்க வேண்டும்! கைகால் பிழைத்தது, இரண்டு கண்ணிலும் இடப்பாதிப் பார்வை போயிற்று. அந்தப் பக்கம் யானையே நின்றாலும் தெரியாது.

"நல்லதாப் போச்சு, இனிமே நான் இந்தப் பக்கமே உக்காந்துக்கறேன். என் மூஞ்சியப் பார்த்துப் பார்த்துச் சலிச்சிருக்குமே" என்று கேலி பேசியபடியே அவர் மனைவி ஒரு வழி செய்தாள். பிரௌசரின் கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பின்செல், புதுப்பி, அச்சிடு என்று ஒவ்வொரு பொத்தானையும் வலக்கோடிக்கு இழுத்து வைத்தாள். இடப்பக்கம் உட்கார்ந்து, அவருக்குத் தெரியாத வரித் தொடக்கங்களை வாசித்துச் சொன்னாள்.

அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் அவள் உயிர் போயிற்று. அவருக்குத் தெரியவில்லை. "தூங்கிட்டியா? அடுத்த வரி என்ன?" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். போகிற உயிரின் முகத்தைப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

"தானா அப்டேட் ஆகி, பொத்தான் எல்லாம் இடப்பக்கம் ஓடிடுச்சும்மா. மறுநாள் காலையில பார்த்தா மறுபடி வலப்பக்கம் இருக்கு" என்றார் அப்பா மகளிடம்.

"அதுவும் அப்டேட்தான்பா."

"நேத்து நானே இடப்பக்கம் இழுத்து விட்டேன். தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள பழைய இடத்துக்கு வந்துடுச்சு."

"நீங்க எதுக்குக் கலைச்சீங்க?"

அவர் குரல் இறங்கியது. "கலைச்சாத்தானே அவ வருவா."

மகள் அவர் வலப்பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தன் இடப்பக்க இருட்டுக்குள் இழுத்துவிட்டு, மௌஸிலிருந்து கையை எடுத்தார். மின்விசிறி கிறீச்சிட்டது. தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

பிறகு அந்த வாசனை வந்தது. அவர் மனைவி தலை துவட்டும் ஈரத்துண்டின் வாசனை.

திரையில் அம்பு நகர்ந்தது.

யாரும் மௌஸைத் தொடவில்லை.

ஒரு பொத்தான் இருட்டிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தது. அடுத்து இன்னொன்று.

அவர் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பினார். சுவர், அலமாரி, காலி நாற்காலி. இடக்காதருகே கேட்ட மூச்சுச் சத்தம் மட்டும் இன்னும் இடப்பக்கம் தள்ளிப் போயிருந்தது. எழுந்து மேலும் திரும்பினார். அதுவும் நகர்ந்தது. செக்குமாடு போல முழுச் சுற்றும் சுற்றிவிட்டார் பாவம்; எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் அவருக்குத் தெரியாத பாதியிலேயே இருந்தாள்.

"ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் வாடி" என்று தழுதழுத்தார். "வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். மூஞ்சிய மட்டும் காட்டிட்டுப் போ."



அவர் மணிக்கட்டை மகள் பிடித்தாள்.

"உனக்குத் தெரியுதாம்மா?" என்று கெஞ்சினார். "சொல்லு. எப்படி இருக்கா? என் மேல கோவமா இருக்காளா?"

மகள் அவரைப் பார்க்கவில்லை. அவர் இடத்தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அம்மா" என்றாள், சின்னப் பிள்ளைக் குரலில். "அப்பா இங்கதாம்மா நிக்கறாரு. எதுக்குக் கைய நீட்டித் தேடிக்கிட்டே இருக்க? உனக்கும் அவரு தெரியலையா?"

குளிர்ந்த விரல்கள் அவர் இடக்கன்னத்தில் பட்டன. நெற்றி, மூக்கு, உதடு என்று அவர் முகத்தை மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தன.